குடிக்காதவர்கள் வீட்டு ரம்

1

பாளையங்கோட்டையிலிருந்து தோழி ஒருத்தி எழுதியிருக்கிறாள். கல்யாணம் எப்போது, வேலை எப்படி என்ற விசாரிப்புகளுக்குக் கீழே ஒரு வரி: "அங்கெல்லாம் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து கள் குடிப்பார்களாமே, காலேஜ் பையன்கள் மாத்திரை போடுவார்களாமே, உனக்குப் பயமாக இல்லையா?"

ஐதராபாத் வந்து இந்தப் பங்குனியோடு மூன்று வருடம் ஆகிறது. நான் கடல் தாண்டியவள் இல்லை, கிருஷ்ணா ஆற்றைத்தான் தாண்டினேன். இருந்தாலும் ஊரில் எனக்கு வெளிநாட்டுக்காரியின் மரியாதை. லீவில் போனால் தெருவே கூடி, இங்கே நடப்பதை எல்லாம் கண்ணை விரித்துக் கேட்கிறது. அதனால் தோழிக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஆமாம், குடிக்கிறார்கள். பயமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தைப் பார்த்து இல்லை.

போன வருடம் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு, போதைப் பழக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்று நானே கையைத் தூக்கினேன். சும்மா உட்கார்ந்து எழுதினால் போதாது, வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும் என்று அப்போது ஒரு வேகம். நான் குடியிருக்கிற தொழிற்சாலைக் காலனியில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற வரிசை முழுக்க ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது." ஒரு அம்மாள் எனக்காக இரக்கப்பட்டு, "எதுக்கும்மா வெயில்ல அலையுதே? தெலுங்குக்காரங்க லைன்ல போய்க் கேளு, கட்டுரை ரெண்டு மூணு தேறும்" என்று வழி சொன்னார்.

தெலுங்குக்காரர்கள் வரிசையில் ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். "எங்க ஆயன குடிப்பாரு. சம்பள நாள்ல நிறைய, மத்த நாள்ல கொஞ்சம். பண்டிகைன்னா நானும்தான். இதைக் கேக்கவா இவ்வளவு படிச்சீங்க?" என்றாள் தெலுங்கில். ஆயன என்றால் வீட்டுக்காரர். மூன்று நாள் அலைந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய பேப்பர்காரர் எங்கள் வரிசையைச் சுற்றிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மேலே செய்தித்தாள், வாரப் பத்திரிகை, எல்லாம் தமிழ். அடியில் காலி பாட்டில்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் கலகலவென்று சத்தம். பழக்கமே இல்லாத வீடுகளிலிருந்து எப்படித்தான் வந்தனவோ.

கட்டுரை மலரில் வரவில்லை. "இதப் போட்டா ஒருத்தனும் விளம்பரம் தரமாட்டாம்மா. கோலப் போட்டி பத்தி எழுதிக்குடேன்" என்றார் மன்றச் செயலாளர்.

2

நான் இருப்பது சித்தப்பா வீட்டில். சனத்நகர் பக்கம், மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பு. சித்தப்பா விமானப்படையில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, இங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தவர். ஒரு சொட்டு குடித்ததில்லை. அதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார். "வடக்கே பனியில விரலெல்லாம் மரத்துப்போச்சும்மா. கூட இருந்தவன் அத்தனை பேரும் ரம்மை மொண்டு மொண்டு குடிக்கான். நான் வெந்நிதான். வெந்நியக் குடிச்சிட்டே நாட்டக் காப்பாத்தியாச்சு."

ஆனால் முன்னாள் படைவீரர் என்ற முறையில் மாதாமாதம் ராணுவக் கேண்டீனில் அவருக்கு ரம் உண்டு. அதை அவர் ஒரு மாதமும் விட்டதில்லை. காய்ச்சலோடு போய் வாங்கி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கம் ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே படையிலிருந்து வந்த தமிழர் வீடுகளில் ரம் குடிப்பதற்கு இல்லை, கொடுப்பதற்கு. கேஸ் இணைப்பு சீக்கிரம் வரவேண்டுமா, ஒரு பாட்டில். ஊருக்குப் போக ரயிலில் படுக்கை வேண்டுமா, ஒரு பாட்டில். குவார்ட்டர்ஸில் ஒழுகுகிற கூரையை மழைக்கு முன்னால் பார்க்கவேண்டுமா, அதற்கும் அதுவே. நேரடியாகத் தேவை இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போவார், பிறகு தன் மாதப் பங்கு வந்ததும் திருப்பித் தருவார். இப்படி ஒரே பாட்டில் நாலைந்து பூஜையறைகளைத் தாண்டி, யார் நாக்கிலும் படாமல், காலனியைச் சுற்றும்.

சித்தி அதைப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைப்பாள். வாங்கி வந்த தமிழ்ப் பத்திரிகைத் தாளைக்கூடப் பிரிக்கமாட்டாள். தொட்டால் கை கழுவுவாள். "நாமளா குடிக்கோம்? அது ஒரு சாமான், அவ்வளவுதான்" என்பாள்.

குடிக்காத வீட்டிலும் குடி இருக்க முடியும் என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றவில்லை.

3

நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். வழியில் ஒரு கள்ளுக் காம்பவுண்ட். பெரிய கேட், உள்ளே பெஞ்சுகள், வேப்பமரம், வறுத்த கொண்டைக்கடலை விற்கிறவள். சாயங்காலம் சித்தாள்கள் தலைச்சும்மாட்டை அவிழ்க்காமலே வந்து உட்கார்வார்கள், மடியில் பிள்ளைகளோடு. முதல் வருடம் அதைப் பார்த்து நான் மூக்கைச் சுளித்ததும், ஊருக்கு எழுதி உங்களைச் சுளிக்க வைத்ததும் உண்மை. வேதியியல் படித்தவள் என்பதால் பிறகு வேறு ஒன்றும் தெரிந்தது. மரத்திலிருந்து இறங்குவது அந்தக் கூட்டத்துக்குக் காணாது. தண்ணீரை ஊற்றித் தூக்க மருந்துத் தூளைக் கலக்குகிறார்கள். ஒரு நாள் அது கிடைக்காவிட்டால் அந்தப் பெண்களுக்குக் கை நடுங்குகிறது, செங்கல் பிடிக்க முடியவில்லை. கள் என்று காசு கொடுத்து மருந்து குடிக்கிறார்கள், பாவம்.

தூக்க மருந்து எங்கள் வீட்டிலும் உண்டு. சித்திக்குத் தொழிற்சாலை டிஸ்பென்சரியில் இலவசமாகத் தருகிறார்கள். பெயர் 'நரம்பு மாத்திரை'. ஊரைவிட்டு வந்த புதிதில் தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்ததாம். தீர்ந்துபோனால் எதிர்வீட்டு அம்மாளிடம் இரவல் கேட்பாள், சர்க்கரை கேட்பதைப் போல. அதைக் குடி என்றோ போதை என்றோ சொன்னால் என்னை ரயிலேற்றி விடுவாள்.

இனி சேகர். சித்தப்பாவின் ஒரே பையன், இன்டர்மீடியட் இரண்டாம் வருடம், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், கோபம் வந்தால் தக்கனி, இந்த ஊர் உருது. "சாப்பிட வால" என்று சித்தி கூப்பிட்டால், "நக்கோ மா" என்று ஒரு குரல் வரும், வேண்டாமாம். நன்றாகப் பாடுவான், கிரிக்கெட்டில் சுழற்பந்து போடுவான், என்னைச் சிரிக்க வைப்பதற்காகவே எங்கள் காலனிப் பெரியவர்களைப்போல நடந்து காட்டுவான். கொஞ்ச நாளாக வாயில் எப்போதும் ஏலக்காய். சித்திக்கு அதில் பெருமை: "வயித்துக்கு நல்லதுன்னு அவனே தின்னுதான் பாத்துக்கோ. இந்த வயசுல யாருக்கு அந்தப் புத்தி வரும்?"

பேகம்பேட் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து ஈரானி ஓட்டலில் அவனையும் நண்பர்களையும் பார்த்திருக்கிறேன். டீ வரும், டீக்குள் மாத்திரை போகும், சிகரெட்டிலிருந்து புகையிலை வெளியே வந்து வேறு ஏதோ உள்ளே போகும். மேஜை துடைக்கிறவருக்குத் தெரியும், கல்லாவில் இருக்கிறவருக்குத் தெரியும். இருமல் மருந்து பாட்டிலைப் பையன்கள் தண்ணீர்போலக் கவிழ்க்கிறார்கள் என்று எங்கள் கம்பெனி விற்பனையாளர் சொல்வார், இருமலே இல்லாத வெயில் காலத்தில்தான் அதிகம் போகிறதாம். எல்லாருமே நல்ல வீட்டுப் பிள்ளைகள். அரசு வேலை அப்பா, விளக்கேற்றுகிற அம்மா.

வீட்டில் சொன்னேன். சித்தப்பா செய்தித்தாளை இறக்காமலே, "கூட்டாளிங்களோட டீ குடிக்கான். அதுல என்னம்மா?" என்றார்.

4

மாசி மாதம் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. சேகருக்கு வருகைப்பதிவு போதவில்லை, ஹால் டிக்கெட் கிடையாது. வருடம் முழுவதும் வீட்டிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பிய பையன் எங்கே போனான் என்று சித்தப்பா கேட்டிருக்கவேண்டும். அவர் பீரோவைத் திறந்தார்.

வருகைப்பதிவு பார்க்கிற யாதகிரி என்ற கிளார்க்குக்குப் பாட்டில் போனது. வேலை முடிந்தது என்று சித்தப்பா நிம்மதியாக ஹிண்டு படித்தார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பெண்கள் எல்லாம் வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்த நேரம், யாதகிரி ஸ்கூட்டரில் வந்து இறங்கி அந்தப் பாட்டிலை எங்கள் கேட்டின் தூணில் டங்கென்று வைத்தார்.

"க்யா சாப்! டீ குடிக்கணும்னா ஓட்டலுக்குப் போகமாட்டேனா?" தக்கனியில் அவர் போட்ட சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்டது. "மச்சான் வந்திருக்கான்னு பெருமையாத் திறந்தேன். தேயிலைத் தண்ணி! மேல பூஞ்சை மிதக்குது! மதராஸி தெலிவி என்கிட்டேயா?"

தெலிவி என்றால் புத்திசாலித்தனம். சித்தப்பா வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, "சார், மெதுவா, உள்ள வாங்க சார்" என்று இந்தியிலும் தமிழிலும் மாறி மாறிக் கெஞ்சினார். யாதகிரி வரவில்லை. "உங்க பையன் அடுத்த வருஷம் எழுதட்டும்" என்று உதைத்து ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நான் பாட்டிலை எடுத்து முகர்ந்தேன். கொஞ்சம் ரம், நிறையத் தேயிலை. மூடியைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டிய தடம், கையால் தடவினாலே தெரிந்தது. இத்தனை மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் அதைத் தடவிப் பார்க்கவில்லை. ரம்மின் மூடி எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் யாரும் இல்லை, ஒருவனைத் தவிர.

"கேண்டீன்காரன் வேலைதான்" என்றார் சித்தப்பா. நாட்டைக் காத்தவனுக்கே கலப்படமா என்று குதித்தார். திங்கட்கிழமை கேண்டீனுக்குப் போய்ச் சண்டையும் போட்டார், அவர்கள் சிரித்து அனுப்பினார்கள்.

சித்தி சமையலறையில் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் காப்பிதான், தேயிலைத்தூள் வேலைக்காரிக்கு மட்டும். அது மாதத்தில் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பல். "ஏட்டி, அந்த யெல்லம்மாதான் எடுக்கா. கள்ளுக் குடிக்கிறவளுக்குத் திருட்டுப் புத்தி இல்லாம இருக்குமா?"

"சித்தி, யெல்லம்மாவுக்குப் பீரோச் சாவி இருக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி?"

"தேயிலை பாட்டிலுக்குள்ள போயிருக்கு சித்தி. ரம் சேகருக்குள்ள போயிருக்கு."

சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நாக்க அடக்கு. ஒண்ட வந்த வீட்டுல இருந்துக்கிட்டு என் பிள்ளைய எவன்ட்டயும் காட்டிக் குடுக்காத." மறுநாள் யெல்லம்மாவை நிறுத்திவிட்டாள். அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சேகரைப் பிடித்தேன். அவன் ஒளிக்கவில்லை.

"ஹவ், ஆமா, நான்தான் அக்கா. நீங்க யாரும் குடிக்கல, வேஸ்டாத்தானே கிடக்கு?"

"எப்ப இருந்து?"

"டென்த் முடிச்ச லீவுல. நம்ம லைன்ல எல்லாப் பசங்களும் பண்றதுதான். எதிர்வீட்டு ரமேஷ்தான் பசை எப்படிப் போடறதுன்னு காட்டினான்." பிறகு கண்ணைச் சிமிட்டினான். "காலனி பூரா டீதான் அக்கா சுத்துது. யாதகிரி மட்டும்தான் திறந்து பார்த்திருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்காக என்மேலேயே ஆத்திரம். "படிப்பு போகுதேடா?" என்றேன். அவன் துணி கிளிப்பை விரலில் கடிக்கவிட்டுக் கொண்டு, "சாயங்காலம் ஆனா கை ஒரு மாதிரி வருது அக்கா. அது இல்லேன்னா புஸ்தகத்தைப் பிடிக்கவே முடியல" என்றான். இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

அன்றே சித்தப்பாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டரிடம் காட்டலாம், எங்கள் கம்பெனி டாக்டர் நல்லவர், ஒருவருக்கும் தெரியாமல் பார்ப்பார் என்றேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்னப் பய சும்மா உங்கிட்ட வீம்பு பேசுதான்மா. என் ரத்தம் அது. என் ரத்தத்துல அந்தச் சொட்டே கிடையாது" என்றார். தலைமுடியைக் கோதிக்கொண்டு எழுந்தவர் கடைசியாகச் சொன்னது: "இந்த மாசக் கோட்டா இன்னும் எடுக்கல. நேரா கேண்டீன்ல இருந்து யாதகிரி வீட்டுக்கே கொண்டு போயிருவோம்."

5

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். கேண்டீனில் வாங்கியதை முந்தினநாள் முழுக்க சித்தப்பா தன் பையிலேயே வைத்திருந்தார், கண்ணைவிட்டு அகலவிடவில்லை. மேலே வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, பூச்சரம். என்னையும் கூட்டிக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம்: "பொம்பளப்பிள்ள கூட வந்தா குடும்பமாப் பாக்க வந்த மாதிரி இருக்கும். லஞ்சம்னு தோணாது." சேகரை மன்னிப்புக் கேட்க வைப்பதற்காக இழுத்து வந்தார். எதற்கு மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

பேகம்பேட்டில் சின்ன வீடு. யாதகிரி லுங்கியோடு வந்து எங்களை உட்கார வைத்தார். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என் தலையில் பூ இல்லாததைப் பார்த்து ஒரு கனகாம்பரத்தைத் தந்துவிட்டு உள்ளே போனார். நல்ல மனுஷர்கள்தான், அந்த வீட்டிலும்.

பாட்டிலைக் கையில் எடுத்து யாதகிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வரச் சொன்னார். மூடியைத் திருகினார், சீல் படபடவென்று உடைந்தது. ஊற்றி சித்தப்பா முன்னால் நகர்த்தினார்.

"நீங்க குடிங்க சாப்."

"சார், எனக்குப் பழக்கம் இல்ல."

"எனக்குத் தெரியும், போன தடவையும் அதான் சொன்னீங்க." யாதகிரி கேலி செய்யவில்லை, வியாபாரி எடைபோடுகிற குரல். "என் மச்சான் முன்னாடி எனக்கு மானம் போச்சு. நீங்க ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க. சரக்கு அசல்னு நம்பறேன். நாளைக்கு ஹால் டிக்கெட் வாங்கிக்கச் சொல்றேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். "வாங்க சித்தப்பா, போயிருவோம். ஒரு வருஷம் போனாப் போகட்டும், முதல்ல அவன் உடம்பப் பாப்போம்" என்றேன். அந்த ஒரு வருடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சித்தப்பா தலையை ஆட்டி என்னை உட்காரச் சொன்னார். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார், தீர்த்தம் வாங்குகிறவர் மாதிரி. ஒரு வாய் விழுங்கியதும் கண் பிதுங்கிவிட்டது. இருமினார், மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் சிந்தி, மூச்சு வராமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சேகர் பெஞ்சிலிருந்து குதித்து அவர் முதுகைத் தடவினான். "அப்பா, மெதுவா. அப்படி ஒரேயடியா ஊத்தக்கூடாதுப்பா." எனக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து அந்த டம்ளரில் பாதிக்குமேல் கலந்தான், அளவு பார்த்து, விரல் வைத்து. "இப்ப குடிங்க. மூக்கால மூச்சு விடாதீங்க, முழுங்கினப்புறம் வாயால விடுங்க. வாழைப்பழம் ஒரு கடி கடிச்சுக்குங்க, எரியாது." அவ்வளவு கவனமாக, அவ்வளவு அன்பாக அவன் அப்பாவிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

சித்தப்பா இருமுவதை நிறுத்தி அவன் கையைப் பார்த்தார். டம்ளரைப் பிடித்திருந்த கை. வெகுநேரம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, மகன் சொன்னபடியே, மூச்சைப் பிடித்து மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

யாதகிரி, "டீக் ஹை சாப்" என்று எழுந்து கைகுலுக்கினார். ஹால் டிக்கெட் வரும்.

வெளியே வெயில். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. சித்தப்பா சட்டையில் ஈரத்தோடு நடைபாதை ஓரத்தில் நின்றார். திட்டுவார், அடிப்பார், அப்படியாவது ஏதாவது நடக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிஜமாகவே புரியாத குரலில் கேட்டார்:

"இம்புட்டுக் கசப்பையால குடிக்கே?"

சேகர் அவர் கையிலிருந்த காலிப் பையை வாங்கிக்கொண்டான்.

"பழகிரும்ப்பா."